ஓப்பன் சைட்டிலேயே பழகணுமா, ரெட் டாட் போட்டுடலாமா? (பிஸ்டல் குறிபார்த்தல்)

ஏழாம்_வளையம்:
எல்லாருக்கும் வணக்கம். ஏர் பிஸ்டல் எடுத்து நாலு மாசம் ஆச்சு. வாரத்துக்கு மூணு நாள், 10 மீட்டர், ஒரு நாளைக்கு 60 பெல்லட். கை ஓரளவு நிக்குது. ஆனா குண்டு எங்க போகும்னு எனக்கே தெரியல. ஒரு 10 விழும், அடுத்தது 6, அப்புறம் 8, திடீர்னு இடது கீழ் மூலையில 5. ஏழுக்கு மேல சராசரி போகவே மாட்டேங்குது, பேரைப் பார்த்தாலே தெரியும்.

என்னோடது ஓப்பன் சைட், அதாவது பின்னாடி ஒரு பள்ளம் (பின் சைட்), குழல் நுனியில ஒரு கட்டை (முன் சைட்), அவ்வளவுதான். நான் பண்றது இதுதான்: டார்கெட்ல இருக்கற கருப்பு வட்டத்தோட நட்டநடுவில முன் சைட்டை வைக்கிறேன், வட்டம் பளிச்சுனு தெரியற வரைக்கும் பார்த்துட்டு விடறேன். ரெண்டு கண்ணும் திறந்துதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல யூசுஃப் திகேச் சாதாரணக் கண்ணாடியோட, ரெண்டு கண்ணும் திறந்து, பாக்கெட்ல கையை விட்டுக்கிட்டு வெள்ளி வாங்கினதைப் பார்த்ததில இருந்து அப்படித்தான்.

நண்பர் ஒருத்தர் ரெட் டாட் (சின்னக் கண்ணாடிச் சன்னல்ல சிவப்பு ஒளிப்புள்ளி தெரியற சைட்) மாட்டின பிஸ்டலைக் குடுத்துப் பார்க்கச் சொன்னார். அதில இன்னும் மோசம். புள்ளி கொசு மாதிரி பறக்குது. எந்த சைட்ல பழகினா சீக்கிரம் வரும்?

கருக்கல்:
"வட்டம் பளிச்சுனு" தெரியுதுன்னு எழுதினீங்க பாருங்க, வியாதி அங்க இருக்கு. வட்டம் மங்கலாத் தெரியணும். முன் சைட்தான் பளிச்சுனு தெரியணும்.

மணல்மூட்டை:
தம்பி, கருக்கல் சொன்னது சரி. ஆனால் ஏன் என்று புரியாவிட்டால் நாளைக்கே கண் மறுபடி வட்டத்துக்கு ஓடிவிடும். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டாமல் யாரையும் பெல்லட்டைத் தொட விடுவதில்லை.

உங்கள் பிஸ்டலில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே சுமார் 35 செ.மீ. இருக்கும். பின் சைட் பள்ளத்துக்குள் முன் சைட் 1 மி.மீ. ஒதுங்கி நிற்கிறது என்று வையுங்கள். 35 செ.மீ.க்கு 1 மி.மீ. என்றால் 10 மீட்டருக்கு 28 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். 10 மீட்டர் பிஸ்டல் டார்கெட்டில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் 8 மி.மீ. அகலம். அந்த ஒரு மில்லிமீட்டர் உங்களை 7-ல் கொண்டுபோய்ப் போட்டுவிடும். ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் நீங்கள் சொன்ன அந்த மூலை 5.

இப்போது மறுபக்கம் பாருங்கள். முன்னும் பின்னும் சரியாகச் சேர்ந்திருக்கிறது, ஆனால் கை ஆடி மொத்தத் துப்பாக்கியும் 1 செ.மீ. தள்ளி நிற்கிறது. குண்டும் அதே 1 செ.மீ. தள்ளித்தான் விழும். அது 9. பெல்லட்டே 4.5 மி.மீ. தடிமன், கோட்டைத் தொட்டாலே உள்வளையப் புள்ளி கிடைத்துவிடும்.

கை ஆடுகிறதே என்று பயப்படுகிறீர்கள். அது உங்களிடமிருந்து ஒரு புள்ளியைத்தான் எடுக்கிறது. சைட் இரண்டும் விலகி நிற்பதுதான் மூன்று, நான்கு என்று வாரிக்கொண்டு போகிறது. அந்த விலகல் தெரிய வேண்டுமென்றால் கண் முன் சைட்டில் நிற்க வேண்டும். பின் சைட், முன் சைட், வட்டம் மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க எந்தக் கண்ணாலும் முடியாது.

முன் சைட்டின் மேல்விளிம்பும் பின் சைட்டின் மேல்விளிம்பும் ஒரே மட்டம். முன் சைட்டுக்கு இரு பக்கமும் தெரியும் வெளிச்சக் கீற்று ஒரே அகலம். பார்க்க வேண்டியது இவ்வளவுதான்.

இன்னொன்று, கருப்பு சைட்டைக் கருப்பு வட்டத்துக்கு நடுவில் வைத்தால் விளிம்பு எங்கே தெரியும்? வட்டத்துக்குக் கீழே, கொஞ்சம் வெள்ளை இடைவெளி விட்டு வையுங்கள்.

ஏழாம்_வளையம்:
சார், ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். முன் சைட்டையே பார்த்தா வட்டம் கலங்கிப் போகுது. கலங்கின வட்டத்துக்கு நேர் கீழன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

மணல்மூட்டை:
கண்டுபிடிக்க வேண்டாம். கலங்கிய உருண்டைக்கு நடு எது என்று கண்ணுக்கே தெரியும். நீங்கள் அதற்கு உதவி செய்யப் போகும்போதுதான் கெடுகிறது.

செம்புள்ளி:
ரெட் டாட் கட்சி சார்பா நானும் ரெண்டு வார்த்தை சொல்லிடறேன், இல்லன்னா இந்த இழை முழுக்கப் பழைய பஞ்சாங்கமா போயிடும் :)

புள்ளி கொசு மாதிரி பறக்குதுன்னீங்க. அது பறக்கல, உங்க கை பறக்குது. ஓப்பன் சைட்லயும் இதே ஆட்டம்தான் இருந்திச்சு, நீங்க வட்டத்தையே முறைச்சுப் பார்த்துட்டு இருந்ததால தெரியல. ரெட் டாட் ஆட்டத்தைக் கூட்டாது. காட்டிக் குடுக்கும், அவ்வளவுதான்.

இதோட வசதி என்னன்னா ரெண்டு சைட்டைச் சேர்க்கற வேலையே கிடையாது. கண்ணாடியில பட்டுத் திரும்பற ஒளி தூரத்தில இருக்கற மாதிரி தெரியும், அதனால கண்ணை டார்கெட்லயே வச்சுக்கலாம். புள்ளி தானா வந்து மேல உக்காரும். ஓப்பன் சைட்ல பழகினவங்க இங்க வந்து பண்ற முதல் தப்பு, புள்ளியையே உத்துப் பார்க்கறது. உங்க கதை வேற, நீங்க ஓப்பன் சைட்லயே ரெட் டாட் மாதிரி பார்த்துட்டு இருந்திருக்கீங்க.

புள்ளியோட அளவை எம்ஓஏ கணக்கில சொல்லுவாங்க, ஒரு டிகிரியில அறுபதில ஒரு பங்கு. 1 எம்ஓஏ 100 மீட்டர்ல சுமார் 29 மி.மீ. அப்ப 3 எம்ஓஏ புள்ளி 25 மீட்டர்ல கிட்டத்தட்ட 22 மி.மீ. இடத்தை மறைக்கும், 6 எம்ஓஏ 44 மி.மீ. வேகமா சுடறவங்களுக்குப் பெரிய புள்ளி, நிதானமா சுடறவங்களுக்குச் சின்னது. வெளிச்சத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைங்க. கூட்டி வச்சா புள்ளி பூத்துப்போய் நடு தெரியாது.

கஷ்டம் ஒண்ணு இருக்கு, மறைக்கல. பிஸ்டலைத் தூக்கினதும் சன்னல்ல புள்ளியே காணாம போயிடும். மணிக்கட்டு கொஞ்சம் மேலயோ கீழயோ சாஞ்சிருந்தாப் போதும், கண்ணாடி காலியா இருக்கும். அப்ப பிஸ்டலை வட்டம் வட்டமா ஆட்டித் தேடக்கூடாது. இறக்கி வச்சுட்டு மறுபடி தூக்கணும். ஒவ்வொரு தடவையும் புள்ளி தானா வந்து நிக்கற வரைக்கும் இதை மட்டுமே பண்ணணும். எனக்கு ரெண்டு மாசம் புடிச்சுது.

மணல்மூட்டை:
செம்புள்ளி தம்பி சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கேட்டவர் 10 மீட்டர் சுடுகிறார். ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசச் சுடுதல் கூட்டமைப்பு) விதிப்படி பிஸ்டல் போட்டிகளில் ஓப்பன் சைட்டுக்கு மட்டும்தான் அனுமதி. ரெட் டாட், லேசர், தொலைநோக்கி எதுவும் கூடாது. போட்டிக்குப் போகிற எண்ணம் இருந்தால் வேறு வழியே இல்லை.

நூல்முடிச்சு:
ஐம்பதைத் தாண்டினவங்க யாராவது இதைப் படிச்சா அவங்களுக்காக. "முன் சைட்டைப் பாரு, முன் சைட்டைப் பாரு"ன்னு எல்லாரும் சொல்றீங்க. பார்க்கத்தான் ஆசை, கண்ணு வரணுமே!

எனக்கு 46 வயசுல ஆரம்பிச்சுது. நல்லா சுட்டுட்டு இருந்தவ, ஒரே வருஷத்துல முன் சைட் பஞ்சு மாதிரி ஆயிடுச்சு. பயிற்சி போதலைன்னு நினைச்சு இன்னும் அதிகமா சுட்டேன், தலைவலிதான் மிச்சம். அப்புறம் தினசரி போடற ப்ரோக்ரெசிவ் கண்ணாடியோட சுட்டுப் பார்த்தேன். அதுல கீழ்ப்பக்கம்தான் கிட்டப் பார்வை. முன் சைட் தெரியணும்னா மோவாயைத் தூக்கணும். மோவாயைத் தூக்கிட்டு ஒரு மணி நேரம் நின்னா கழுத்து என்ன ஆகும்?

கடைசியில கண் பரிசோதகர்கிட்ட பிஸ்டலை எடுத்துட்டுப் போக முடியாதேன்னு ஒரு வேலை பண்ணேன். சுடற நிலையில நின்னு, கண்ணு ஓரத்துல இருந்து முன் சைட் வரைக்கும் நூலைப் புடிக்கச் சொல்லி, அந்த இடத்துல முடிச்சுப் போட்டு நூலை மட்டும் எடுத்துட்டுப் போனேன். அவர் சிரிச்சார், ஆனா வேலை சுலபமாச்சு. தூரப் பார்வை பவர்ல +0.50 கூட்டி ஒத்தைப் பவர் கண்ணாடி குடுத்தார். சிலருக்கு +0.75 தேவைப்படும். முன் சைட் தெளிவு, வட்டம் கலங்கல், ஆனா காணாமப் போற அளவுக்குக் கலங்கல் இல்ல.

அது மேல ஐரிஸ் ஒண்ணும் மாட்டியிருக்கேன். கேமரா துவாரம் மாதிரி சுருக்கலாம், சுருக்கினா கிட்டயும் தூரமும் சேர்ந்து தெளியும். ரொம்பச் சுருக்கினா இருட்டாயிடும், பார்த்துக்கோங்க.

செம்புள்ளி:
அக்கா, இதையேதான் நானும் சொல்ல வந்தேன். நாற்பது தாண்டினவங்க ரெட் டாட்டுக்கு வர்றதுக்குப் பாதிக் காரணம் கண்ணுதான். ஆனா அஸ்டிக்மாட்டிசம் (கண்ணோட வளைவு சீரில்லாத கோளாறு) இருந்தா அதுலயும் வம்பு, புள்ளி வால் நட்சத்திரம் மாதிரி, திராட்சைக் கொத்து மாதிரி தெரியும். சைட்டுதான் கெட்டுப்போச்சுன்னு திருப்பிக் குடுத்தவங்க உண்டு. துப்பாக்கி காலின்னு உறுதி பண்ணிட்டு, செல்போன் கேமராவை சைட்டுக்குப் பின்னாடி வச்சு ஒரு படம் எடுங்க. படத்துல உருண்டையா இருந்தா கோளாறு நம்ம கண்ணுல.

இருபத்தஞ்சு:
நான் 10 மீட்டர் ஆள் இல்ல, 9 எம்எம் சர்வீஸ் பிஸ்டல், 25 மீட்டர். எங்களுக்கு சைட் நீளமே சுமார் 16 செ.மீ.தான். மணல்மூட்டை சார் கணக்கை அப்படியே போட்டுப் பார்த்தேன்: 1 மி.மீ. விலகினா 15 செ.மீ.க்கு மேல போகுது! இதைத்தான் இத்தனை நாளா துப்பாக்கி மேல பழி போட்டுட்டு இருந்தேன்.

எங்க பிஸ்டல்ல மூணு வெள்ளைப் புள்ளி சைட். பின்னாடி ரெண்டு, முன்னாடி ஒண்ணு. மூணையும் ஒரே கோட்டுல வச்சா சரின்னு சொல்லிக்குடுத்தாங்க. வச்சேன். குண்டு மேல கீழன்னு கோடு போட்ட மாதிரி விழுந்துச்சு. ஏன்?

மணல்மூட்டை:
புள்ளியைப் பார்த்தால் அப்படித்தான். அந்தப் புள்ளிகள் அரையிருட்டில் வேகமாகக் கண்டுபிடிக்க வைத்தவை. கண் மூன்று உருண்டைகளைத் தோராயமாக வரிசைப்படுத்துவதோடு திருப்தி அடைந்துவிடும். மேல்விளிம்பைப் பாருங்கள், புள்ளியை மறந்துவிடுங்கள். பின் சைட்டின் இரண்டு புள்ளிகளையும் கருப்பு மார்க்கரால் பூசிவிட்டு ஒரு வாரம் சுட்டுப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் துடைத்துவிடலாம்.

முன் சைட்டில் ஃபைபர் ஆப்டிக் குச்சி வைத்ததும் இதே கதைதான். வெயிலில் பச்சையாக ஜொலிக்கும், வேகத்துக்கு அருமை. ஆனால் ஜொலிக்கும் புள்ளி சைட்டின் உச்சி ஆகாது, உச்சி அதற்கு மேலே இருக்கிறது. ட்ரிட்டியம் (கதிரியக்கத்தால் தானாக ஒளிரும்) இரவு சைட் வாங்குகிறவர்கள் அதற்கு வயது உண்டு என்பதை நினைவில் வையுங்கள். 12 வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனால் வெளிச்சம் பாதி.

ஒன்றும் பூசாத, சதுரப் பள்ளத்துக்குள் சதுரக் கட்டை நிற்கும் சாதாரண சைட்டுக்குப் பேட்ரிட்ஜ் சைட் என்று பேர். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு அமெரிக்கர் கொண்டுவந்தது. இலக்குச் சுடுதலில் இன்றைக்கும் அதன் வம்சம்தான் நடக்கிறது.

முள்_கட்சி:
குறுக்கிடறதுக்கு மன்னிக்கவும். முன் சைட், பின் சைட்னு எழுதறதுக்குப் பதிலா முன்காட்டி, பின்காட்டின்னு எழுதலாமே?

இருபத்தஞ்சு:
எழுதலாம் சார். ரேஞ்சுல கோச் "முன்காட்டி!"ன்னு கத்தினா திரும்பிப் பார்க்க எனக்கு அஞ்சு செகண்ட் ஆகும்.

ஏழாம்_வளையம்:
ரிப்போர்ட். வட்டத்துக்குக் கீழ வெள்ளை விட்டு வச்சேன். இப்ப எல்லாமே கீழ 5, 4. ஆனா முன்னாடி மாதிரி சிதறல, கூட்டமா கீழ போய் உக்காந்திருக்கு. சந்தோஷப்படறதா அழறதா?

கருக்கல்:
சந்தோஷப்படுங்க! உங்க சைட் வட்டத்தோட நடுவுக்கு செட் பண்ணியிருந்திருக்கு. பின் சைட்டை மேல ஏத்துங்க. குண்டு எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் பின் சைட்டை நகர்த்தணும். முன் சைட்டை மாத்தறதா இருந்தா நேர் எதிர்ப் பக்கம்.

ஆனா ஒவ்வொரு குண்டுக்கும் கிளிக் (சைட் திருகோட ஒரு படி) திருகாதீங்க. நான் அதைப் பண்ணி ஒரு போட்டியையே தொலைச்சவன். பயிற்சிக் குண்டு வலது பக்கம் போச்சு, ரெண்டு கிளிக் இடது. அடுத்தது இடது போச்சு, மூணு கிளிக் வலது. அப்புறம் மேல, அப்புறம் கீழ. 60 குண்டு போட்டில நாற்பதாவது குண்டு வரைக்கும் திருகிட்டே இருந்தேன். முடிஞ்சதும் எண்ணிப் பார்த்தா, கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்திருந்தேன். நான் துரத்தினது என் கை நடுக்கத்தை. அஞ்சு குண்டாவது சுட்டு, கூட்டம் எங்க விழுதுன்னு பார்த்து, அந்தக் கூட்டத்தோட நடுவை மட்டும் நகர்த்துங்க.

லேசர்_போச்சு:
யாரும் லேசர் பத்திப் பேசல. நான் பேசறேன், ஏன்னா பணத்தைக் கொட்டினவன் நான்தான். குழலுக்குக் கீழ மாட்டினது. ஒரு தூரத்துக்குச் சரி பண்ணினா அதுக்குக் கிட்டயும் தள்ளியும் விலகும், ஏன்னா லேசர் ஒரு கோட்டுல போகுது, குழல் வேற கோட்டுல இருக்கு. அது பெரிய விஷயமில்ல. பெரிய விஷயம் என்னன்னா, சிவப்புப் புள்ளி டார்கெட் மேல ஊர்ந்து போறதைப் பார்த்துட்டே நிப்பேன். நடுவைத் தாண்டறப்ப மனசுக்குள்ள ஒரு குரல்: "வந்துட்டான், இழு!" விரல் வெடுக்குனு இழுக்கும். குண்டு இடது கீழ.

மணல்மூட்டை:
இந்த இழையிலேயே உருப்படியான பதிவு இதுதான். "வந்துட்டான், இழு" என்ற குரல் எல்லா சைட்டிலும் கேட்கும். லேசரில் சத்தமாகக் கேட்கும், அவ்வளவுதான். வலக்கைக்காரருக்கு இடது கீழ் என்றால் முதலில் விரலைச் சந்தேகப்படுங்கள். ஏழாம்_வளையம் தம்பியின் அந்த 5 கூடப் பாதி விரல் என்றுதான் நினைக்கிறேன்.

மருந்து: டார்கெட்டைத் திருப்பி மாட்டுங்கள். வெறும் வெள்ளை அட்டை. வட்டம் இல்லை, வளையம் இல்லை, "வந்துட்டான்" என்று சொல்ல ஒருவனும் இல்லை. சைட் இரண்டும் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, ட்ரிகர் மேல் எடையை மெதுவாகக் கூட்டிக்கொண்டே போங்கள். 10 மீட்டர் பிஸ்டலில் ட்ரிகர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும் என்பது விதி. அந்த 500 கிராமையும் ஒரே அடியாகப் போடாதீர்கள். ட்ரிகரின் முதல் கட்டத்தை, அதாவது அது லேசாகப் பின்னால் வரும் பகுதியை, பிஸ்டலைத் தூக்கும்போதே எடுத்துவிட்டு, மிச்சத்தை ஆட்டம் நடக்கும்போதே நடக்க விடுங்கள். கை நிற்கும் என்று காத்திருக்காதீர்கள், யாருக்கும் நிற்பதில்லை.

சைட் நிலைக்கு வந்த பிறகு ஐந்து முதல் எட்டு நொடிக்குள் போகவில்லை என்றால் இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் கண் பார்ப்பதை நிறுத்தி, பழைய படத்தையே காட்டிக்கொண்டிருக்கும். வெடித்த பிறகும் ஒரு நொடி சைட்டைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள்.

வீட்டில் பெல்லட் இல்லாமல் ட்ரை ஃபயர் செய்தால் இன்னும் நல்லது. விரல் தட்டும்போது முன் சைட் துள்ளுகிறதா என்று தெளிவாகத் தெரியும்.

கதவில்_ஓட்டை:
ட்ரை ஃபயர்னதும் என் பேரோட கதையைச் சொல்லிடறேன். சுவத்துல சின்னக் கருப்பு வட்டம் ஒட்டி தினம் ராத்திரி பயிற்சி. ஒரு நாள் நடுவுல போன் வந்துச்சு. பேசிட்டு வந்து, ரேஞ்சு ஞாபகத்துல தன்னால ஒரு பெல்லட்டைப் போட்டிருக்கேன். போட்ட நினைவே இல்ல. அருமையான ரிலீஸ், சைட் அசையவே இல்ல, அலமாரிக் கதவுல ஓட்டை. அந்தக் கதவுக்குப் பின்னாடி துணிதான் இருந்துச்சு, ஆளா இருந்திருந்தா?

இப்ப பெல்லட் டப்பா அந்த அறைக்குள்ளயே வராது. நடுவுல எழுந்து போனா, திரும்பி வந்ததும் மறுபடி முதல்ல இருந்து திறந்து பார்த்துட்டுத்தான் எடுப்பேன். சுவத்துக்குப் பின்னாடி யார் இருக்காங்கன்னும் யோசிச்சு வட்டத்தை ஒட்டுங்க. துப்பாக்கின்னா எப்பவும் நிரம்பியிருக்குன்னு நினைக்கறது சும்மா வாய்ப்பாடு இல்ல.

ஏழாம்_வளையம்:
மூணு வாரம் கழிச்சு வர்றேன். வெள்ளை அட்டை வேலை செஞ்சுது சார்! வெறும் அட்டையில என் கூட்டம் ஒரு உள்ளங்கைக்குள்ள அடங்குது. வட்டம் தெரியற மாதிரி மாட்டினா மறுபடி கொஞ்சம் விரியுது, ஆனா பழைய அளவுக்கு இல்ல.

ஒரு புது விஷயம் கண்டுபிடிச்சேன். முன் சைட்டை நிஜமாவே உத்துப் பார்க்க ஆரம்பிச்சதும் சில சமயம் ரெண்டு முன் சைட் தெரியுது. ஒண்ணு கெட்டியா, ஒண்ணு பேய் மாதிரி. எதை நம்பறதுன்னு தெரியாம விட்டுடறேன்.

நூல்முடிச்சு:
ரெண்டு கண்ணும் திறந்திருந்தா அப்படித்தான் தெரியும். உங்களுக்கு எந்தக் கண்ணு ஓங்கின கண்ணு, அதாவது குறிபார்க்கறப்ப முந்திக்கற கண்ணுன்னு பாருங்க. ரெண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவுல சின்ன முக்கோண ஓட்டை வச்சு, தூரத்துல இருக்கற ஒரு பொருளை அதுவழியாப் பாருங்க. அப்படியே ஒரு கண்ணை மூடுங்க. எந்தக் கண்ணை மூடினா பொருள் மறையுதோ அதுதான் ஓங்கின கண்ணு.

ஏழாம்_வளையம்:
இடது!! நான் வலக்கைக்காரன்!

நூல்முடிச்சு:
பதற வேண்டாம் தம்பி, இது நிறையப் பேருக்கு உண்டு. இடது கண்ணை இறுக்கி மூடாதீங்க, மூடினா வலது கண்ணும் சேர்ந்து இழுத்துக்கும், சீக்கிரம் களைச்சுடும். கண்ணாடியில இடது பக்கம் மங்கலான டேப் ஒட்டுங்க, இல்லன்னா வெளிச்சம் விடற மறைப்பு மாட்டுங்க. கண்ணு திறந்தே இருக்கும், முன் சைட் ஒண்ணுதான் தெரியும். யூசுஃப் திகேசுக்குச் சரிப்படறது அவருக்கு.

மணல்மூட்டை:
இடக்கைக்கே மாறுவதும் ஒரு வழி, நாலு மாதத்தில் பெரிய நஷ்டமில்லை. ஹங்கேரியின் கரோலி தகாச்சுக்கு 1938-ல் கையெறி குண்டு வெடித்து வலக்கை போனது. இடக்கையால் பழகி 1948, 1952 இரண்டு ஒலிம்பிக்ஸிலும் ரேபிட் ஃபயர் தங்கம் வாங்கினார். ஆனால் முதலில் டேப்பை ஒட்டிப் பாருங்கள், அது பத்து நிமிஷ வேலை.

ஏழாம்_வளையம்:
ஒட்டியாச்சு. பேய் போயிடுச்சு. நேத்து கடைசி பத்துக் குண்டு: 9, 8, 9, 10, 8, 9, 9, 7, 10, 9. அந்த 7-க்கு மட்டும் "வந்துட்டான்" குரல் கேட்டுச்சு, ஒத்துக்கறேன். நண்பரோட ரெட் டாட்டையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன், கொசு இன்னும் பறக்குது, ஆனா இப்ப பறக்கட்டும்னு விட்டு ட்ரிகரை மட்டும் பார்த்தேன், பரவாயில்ல.

சாயங்காலம் விளக்கு போட்டதும் முன் சைட்டோட ஒரு ஓரம் மினுங்குது, உச்சி எங்க முடியுதுன்னு தெரியல. அதுக்கு என்ன பண்றது?

கருக்கல்:
மெழுகுவர்த்திப் புகையில முன் சைட் நுனியை மட்டும் லேசாக் காட்டி, கரி படிய விடுங்க. துப்பாக்கி காலியா இருக்கணும், காத்து சிலிண்டரைக் கழட்டித் தள்ளி வச்சிருக்கணும். அப்புறம் அந்தக் கையால மூக்கைத் தொடாதீங்க.